பூனைவணங்கியும் பட்டாசுச் சத்தமும்: மிரண்டுபோகும் வீட்டு விலங்குகளுக்கு மூலிகை வாசனை உதவுமா?

2024 அக்டோபர் 6, காலை. மதுரை திருநகர் வாசகி ஒருவரின் கேள்வி

தீபாவளிக்கு இன்னும் இருபத்தைந்து நாள்கள் இருக்கின்றன. எங்கள் வீட்டில் ஒரு பெண் பூனையும் ஒரு நாட்டு நாயும் உள்ளன. சென்ற ஆண்டு முதல் வெடிச் சத்தத்திலேயே பரணுக்கு ஏறிய பூனை இரண்டு நாள் சோறு தண்ணீர் இல்லாமல் அங்கேயே கிடந்தது. நாய் குளியலறைக் கதவைப் பிறாண்டி நகத்தில் இரத்தம் வரவழைத்துக்கொண்டது. பூனைக்குக் 'கேட்னிப்' என்ற உலர்ந்த இலையும் நாய்க்கு லாவெண்டர் எண்ணெயும் கொடுத்தால் அமைதியாகும் என்று சொல்கிறார்கள். இரண்டும் வெளிநாட்டுச் சரக்கு, விலையும் அதிகம். நம் ஊரிலேயே கிடைக்கும் பச்சிலையால் இது நடக்காதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

2024 அக்டோபர் 6, இரவு

நடக்கும் அம்மா, பூனையைப் பொறுத்தவரை. நான் தாவரவியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். நாகமலை புதுக்கோட்டையில் இருக்கிறேன். என் வீட்டில் கருவாச்சி, வெள்ளையம்மா என்று இரண்டு பூனைகளும், செவலை என்ற சிப்பிப்பாறைக் கலப்பு நாயும் உள்ளன. தாங்கள் கேட்கும் செடி, இந்த மழைக்குத் தங்கள் வீட்டுக் காம்பவுண்டுச் சுவர் ஓரத்திலேயே முளைத்திருக்கக்கூடும். குப்பைமேனி என்று அதைச் சொறி சிரங்குக்கு அரைத்துப் பூசுகிறோம். அதற்குச் சித்த மருத்துவ நூல்களில் வழங்கும் இன்னொரு பெயர் பூனைவணங்கி. பூனை தலையைத் தாழ்த்தி, முகத்தைத் தேய்த்து, அந்தச் செடியின் முன் புரள்வதைக் கண்டவர்கள் வைத்த பெயராகத்தான் அது இருக்க முடியும்.

கேட்னிப் என்பது புதினா, துளசிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதில் உள்ள நெபெடலாக்டோன் என்ற ஆவியாகும் பொருள், பூனையின் மூக்கு வழியே மட்டும் வேலை செய்கிறது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பூனைகளே அதற்கு மயங்கும். அந்தத் தன்மை பிறப்பிலேயே அமைவது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டிகள் பெரும்பாலும் கண்டுகொள்வதே இல்லை. மயங்கும் பூனைக்கும் ஐந்து முதல் பதினைந்து நிமிடம்தான். அதன்பிறகு அரை மணி நேரமாவது அதே வாசனை அதைத் தொடாது.

குப்பைமேனி இலையைப் பறித்துக் கசக்கிப் பூனையின் முன் வையுங்கள். இன்று இரவே நானும் வைத்துப் பார்த்து எழுதுகிறேன்.

2024 அக்டோபர் 7

நேற்று எழுதியதில் ஒரு பிழை இருக்கிறது. அதை நம்பி யாரும் இலையைக் கசக்கிக்கொண்டிருக்க வேண்டாம். ஈர்ப்பு வேரில் இருக்கிறது, இலையில் இல்லை.

இரவு ஒன்பது மணிக்கு ஒரு கைப்பிடி இலையைக் கசக்கி வைத்தேன். இரண்டு பூனைகளும் முகர்ந்துவிட்டு நகர்ந்துவிட்டன. காலையில் சுவர் ஓரத்துச் செடி ஒன்றை வேரோடு பிடுங்கி, மண்ணைக் கழுவி, வேரைக் கல்லில் இலேசாகத் தட்டித் திண்ணையில் போட்டேன். கருவாச்சி மாடிப்படியிலிருந்து இறங்கி வந்தாள். முதலில் மோவாயைத் தேய்த்தாள், பிறகு கன்னம், பிறகு வாயில் நீர் வடிய, முன்னங்கால்களால் வேரைக் கட்டிக்கொண்டு மல்லாந்து புரண்டாள். கடிகாரத்தைப் பார்த்தேன், ஏழு நிமிடம். எழுந்து உடம்பை நக்கிச் சுத்தம் செய்துகொண்டு, நிழலில் படுத்துத் தூங்கிவிட்டாள். வெள்ளையம்மா அருகில் வந்து பார்த்தாள், போய்விட்டாள். மூன்றில் இரண்டு என்ற கணக்கு என் வீட்டில் இரண்டில் ஒன்றாக அமைந்திருக்கிறது.

மலாய் மொழியில் இந்தச் செடியின் பெயர் 'கூச்சிங் காலாக்' என்பதாகும். கூச்சிங் என்றால் பூனை. கடல் கடந்தும் இச்செடிக்குப் பூனையை வைத்தே பெயர் அமைந்திருப்பதை எண்ணி இன்று முழுவதும் மகிழ்ந்துகொண்டிருந்தேன். வகுப்பில் எத்தனையோ ஆண்டுகள் இந்தச் செடியின் பூங்கதிரையும் கிண்ணம் போன்ற பூவடிச் செதிலையும் மாணவர்களுக்குக் காட்டியிருக்கிறேன்; வேரைக் காட்ட ஒருபோதும் தோன்றவில்லை.

2024 அக்டோபர் 9

வேரை அரைத்துப் பாலில் கலந்து கொடுக்கலாமா என்று உசிலம்பட்டித் தம்பி கேட்டிருக்கிறார். கூடாது. மோப்பத்துக்கு மட்டும், வாய்க்குள் போகக்கூடாது.

குப்பைமேனியை உண்ட மனிதர்கள் சிலருக்கு, குறிப்பாக ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்தவர்களுக்கு, இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. பூனையின் சிவப்பணுவோ இயல்பிலேயே இத்தகைய தாக்குதலுக்கு எளிதில் ஆட்படக்கூடியது. வெங்காயமும் பூண்டும் பூனைக்கு ஆகாது என்பதற்கும், நாம் காய்ச்சலுக்குப் போடும் பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொன்றுவிடக்கூடும் என்பதற்கும் இதில் பங்கு உண்டு. ஆகவே நான் வேரைப் பழைய பருத்தித் துணியில் இறுக்கி முடிந்து, தைத்துப் பொட்டலமாக்கித்தான் கொடுக்கிறேன். பத்து நிமிடம் கழித்து எடுத்துவிடுகிறேன். முதல் நாள் வெறும் வேரை அப்படியே போட்டதை இப்போது நினைத்தால் சரியென்று படவில்லை.

சாலையோரச் செடியையும் தவிருங்கள். களைக்கொல்லி தெளித்திருப்பார்கள்.

2024 அக்டோபர் 13

நாய்க்கு என்ன செய்வது என்று திருநகர் அம்மா மீண்டும் நினைவூட்டியிருக்கிறார். பூனைவணங்கி நாயை வணங்க வைக்காது. செவலை அந்தப் பொட்டலத்தை முகர்ந்து பார்த்துவிட்டுக் கடித்துக் கிழிக்கத்தான் முயன்றான்.

நாய்களைப் பற்றி நான் அறிந்த நல்ல ஆய்வு 2005இல் வெளிவந்தது. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகர ஆய்வாளர்கள், காப்பகம் ஒன்றில் இருந்த 55 நாய்களுக்கு லாவெண்டர், சீமைச் சாமந்தி (கேமோமைல்), ரோஸ்மேரி, மிளகுப் புதினா ஆகியவற்றின் வாசனையைத் தனித்தனியே காற்றில் பரவவிட்டுப் பார்த்தார்கள். முதல் இரண்டு வாசனைகளில் நாய்கள் கூடுதல் நேரம் படுத்திருந்தன, குரைப்பதும் குறைந்தது. பின் இரண்டில் எழுந்து நடமாடுவதும் குரைப்பதும் கூடியது. மூலிகை வாசனை என்றாலே அமைதி என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது என்பதற்கு இந்த ஒரு முடிவே போதும். அடுத்த ஆண்டில் 32 நாய்களைக் காரில் ஏற்றிச் சென்று பார்த்தபோதும் லாவெண்டர் வாசனையில் அவை அதிகம் படுத்திருந்தன.

இவை அன்றாடக் காப்பக இரைச்சலிலும் பயண உற்சாகத்திலும் பார்த்தவை. தலைக்கு மேல் சரவெடி வெடிக்கும்போது இதே பலன் கிடைக்கும் என்று இவற்றை வைத்துச் சொல்ல இயலாது.

2024 அக்டோபர் 14

அவசரமாக ஒரு திருத்தம், தயவுசெய்து படியுங்கள். நேற்று நான் 'சீமைச் சாமந்தி' என்று எழுதியதைப் பார்த்துவிட்டு, மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் செவ்வந்தி வாங்கி நாயின் படுக்கையில் பரப்பியிருப்பதாக ஒருவர் எழுதியிருக்கிறார். உடனே எடுத்துவிடுங்கள். மாலை கட்டும் செவ்வந்தியும் அந்தச் சீமைச் சாமந்தியும் வேறு வேறு செடிகள். செவ்வந்தி இனச் செடிகளைத் தின்றால் நாய்க்கும் பூனைக்கும் வாந்தி, வாய்நீர் வடிதல், தள்ளாட்டம் வரலாம். பெயர் ஒன்றுபோல் இருப்பதை நான் அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

செவ்வந்தி இனத்துப் பூ ஒன்றிலிருந்துதான் பைரெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கிடைக்கிறது. அதைப் பார்த்துச் செயற்கையாகச் செய்த பெர்மெத்ரின், நாயின் உண்ணிக்குப் பிடரியில் விடும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் இருக்கிறது. அந்த மருந்து பூனைமேல் பட்டால் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகும். நாயும் பூனையும் ஒன்றாகப் படுக்கும் வீடுகள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

2024 அக்டோபர் 19

இந்த வாரம் வந்த யோசனைகள் பலவும் நம் வீட்டு உரைமருந்துப் பெட்டியிலிருந்து வந்தவை. பிள்ளைக்குத் தூக்கம் வர ஜாதிக்காயை உரசிக் கொடுப்பது போல நாய்க்கும் கொடுக்கலாமா என்கிறார் ஒருவர். பேர் சொல்லா மருந்தைக் கழுத்தில் கட்டலாம் என்கிறார் இன்னொருவர். அமுக்கராப் பொடியைப் பாலில் கலக்கலாம் என்பது மூன்றாமவர் கருத்து.

ஜாதிக்காயில் உள்ள மிரிஸ்டிசின் நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு. அளவு கூடினால் படபடப்பும் நடுக்கமும் வரும். பேர் சொல்லா மருந்தான வசம்பைக் கழுத்தில் கட்டினால் அது கயிற்றோடு வயிற்றுக்குள் போகும். அமுக்கராவோ வேறெந்தச் சூரணமோ, உள்ளுக்குக் கொடுப்பதென்றால் அது கால்நடை மருத்துவரின் பொறுப்பு. அதில் என் கருத்துக்கு இடமில்லை. நம் ஆச்சிமார் கைப்பக்குவத்தின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் அந்தப் பக்குவம் மனிதப் பிள்ளையின் ஈரலை அறிந்து உருவானது. பூனையின் ஈரலில் பீனால் வகைப் பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் நொதியின் மரபணு வேலை செய்வதில்லை. நமக்கு அரை நாளில் கழியும் பொருள் அதன் உடலில் நாள்கணக்கில் தங்கிவிடும்.

வாசனை எண்ணெய்களிலும் இதே கவனம் வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் ஒன்று உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன் மார்கழியில், என் சளிக்காக அறையில் நீலகிரித் தைலத்தைச் சுடுநீரில் விட்டு ஆவி பிடித்தேன். மீதத் தண்ணீரை வாளியோடு விட்டுவிட்டு வந்துவிட்டேன். அப்போதிருந்த சாம்பல் என்ற பூனை அந்த வாளியில் கால் விட்டு, காலை நக்கி, மாலைக்குள் வாய்நீர் வடிய நிற்க முடியாமல் தள்ளாடியது. இரவோடு இரவாக மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். பிழைத்துக்கொண்டது, ஆனால் அந்த இரவை நான் மறக்கவில்லை. அன்று முதல் நீலகிரித் தைலம், கிராம்பு எண்ணெய், கற்பூரம் மூன்றும் பூட்டிய அலமாரியில்தான் இருக்கின்றன. தேயிலை மர எண்ணெயும் இதே வரிசையில் வருவது. பச்சைச் செடியின் வாசனையும் வடித்தெடுத்த எண்ணெயும் ஒன்றல்ல. ஒரு சொட்டு எண்ணெய்க்குள் எத்தனையோ கைப்பிடி இலையின் சாரம் அடைபட்டிருக்கிறது.

நொச்சிப் புகையும் சாம்பிராணிப் புகையும் வேண்டாம். மூடிய அறையில் நமக்கே மூச்சு முட்டும். தரையோடு நடமாடும் உயிருக்கு இன்னும் கடினம்.

2024 அக்டோபர் 24

இரண்டு நாளாக ஓர் ஐயம் மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. கருவாச்சி புரண்டதை நான் அமைதி என்று எழுதிவிட்டேனா? அது களிப்பு. 2021இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், மடடாபி என்ற அவர்கள் நாட்டுக் கொடியை முகர்ந்த பூனைகளின் இரத்தத்தில், உடல் தானே சுரக்கும் இன்பப் பொருளான பீட்டா எண்டார்ஃபின் கூடுவதைக் கண்டார்கள். அந்த இன்ப வழியை மருந்தால் அடைத்தபோது பூனைகள் தேய்ப்பதையும் புரள்வதையும் விட்டுவிட்டன. முகத்திலும் உடம்பிலும் தேய்த்துக்கொண்ட சாறு கொசுவை விரட்டுவதையும் அதே ஆய்வில் காட்டினார்கள். ஆக, பூனைக்கு அது இன்பமும் கொசுவர்த்தியும். பயத்துக்கான மருந்து என்று அவர்கள் யாரும் சொல்லவில்லை.

நேற்று நடந்தது இந்த ஐயத்தை உறுதிப்படுத்தியது. பொட்டலத்தோடு கருவாச்சி புரண்டுகொண்டிருந்தபோது வெள்ளையம்மா குறுக்கே நடந்தாள். கருவாச்சி பாய்ந்து அவள் காதைக் கடித்துவிட்டாள். இரண்டு பூனை உள்ள வீட்டில் தனித்தனி அறையில்தான் கொடுக்க வேண்டும் என்பதை வெள்ளையம்மாவின் காது எனக்குக் கற்பித்தது. மஞ்சள் கூடப் பூசவில்லை. உப்பு நீரால் கழுவி விட்டேன், ஆறிவருகிறது.

அப்படியானால் அமைதிக்கு எது உதவும்? நெதர்லாந்துக் காப்பகம் ஒன்றில் புதிதாக வந்த 19 பூனைகளில் பத்துக்கு மட்டும் ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2014இல் வெளியானது. பெட்டி கிடைத்தவை மிக விரைவில் பதற்றம் தணிந்தன. மளிகைக் கடையில் கேட்டால் கிடைக்கும் அட்டைப்பெட்டி. திருநகர் அம்மாவின் பூனை பரணுக்கு ஏறியதும் இதைத் தேடித்தான். பரணிலிருந்து அதை இறக்க முயலாமல், பரணிலேயே பெட்டியும் தண்ணீரும் மண் தட்டும் வைத்திருந்தால் பட்டினி நேர்ந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது.

வாசனையின் இடம், தீபாவளிக்கு முன்னும் பின்னும் உள்ள சாதாரண நாள்களில். வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் விலங்குக்கு முகர்ந்து பார்க்கப் புதிதாக ஒன்று, அதுவும் தானே தேடிப் போய் எடுக்கும்படியாக, விரும்பாவிட்டால் விலகிப் போகும்படியாக. விலகிப் போக இடமில்லாத அறையில் பரப்பும் வாசனை, நல்ல வாசனையானாலும், இன்னொரு ஒலிபெருக்கிதான்.

2024 அக்டோபர் 29

நாளை மறுநாள் தீபாவளி. அரசு குறித்த நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. நடைமுறையில் தெரு எப்போது ஓயும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

செவலைக்கு உள்ளறையில், சன்னலைப் போர்வையால் மூடி, கட்டிலுக்கு அடியில் வெட்டிவேர்ப் பாய் விரித்திருக்கிறேன். இதை மூன்று வாரம் முன்பே தொடங்கினேன். நாள்தோறும் மதிய உணவுக்குப் பின் அந்தப் பாயில் தண்ணீர் தெளித்து, மணம் எழும்பியதும், உப்பில்லாத நெத்திலித் துணுக்குகளைப் பாயின் இழைகளுக்குள் ஒளித்து வைப்பேன். அவன் முகர்ந்து முகர்ந்து தேடித் தின்றுவிட்டு அங்கேயே உறங்குவான். வெட்டிவேர் நாயை அமைதிப்படுத்தும் என்று நான் எங்கும் படித்ததில்லை. அந்த மணம் அவனுக்கு நெத்திலியையும் மதியத் தூக்கத்தையும் நினைவூட்ட வேண்டும் என்பதே என் முயற்சி. லாவெண்டர் வாங்கவில்லை.

மருத்துவர் தந்த மாத்திரையும் இருக்கிறது. நகத்தில் இரத்தம் வரும் அளவுக்குப் பயம் உள்ள நாய்க்கு மருத்துவரைப் பார்க்காமல் வாசனையை மட்டும் நம்பாதீர்கள் என்று திருநகர் அம்மாவை மிகவும் வேண்டிக்கொள்கிறேன்.

2024 நவம்பர் 2

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். 31ஆம் தேதி இரவு ஏழரை மணிக்குக் குப்பைமேனி வேர்ப் பொட்டலத்தைக் கருவாச்சியின் பெட்டிக்கு அருகில் வைத்தேன். அவள் மூக்கைக்கூட அசைக்கவில்லை. கண்மணி அகன்று, காதுகள் பின்னால் ஒட்டி, பெட்டியின் கடைசி மூலையில் இருந்தாள். பயந்த பூனைக்குக் களிப்பு எட்டாது. எட்டும் என்று முதல் நாள் நான் கொடுத்த நம்பிக்கையை இங்கே திரும்பப் பெறுகிறேன்.

செவலை நடுங்கினான், ஆனால் கதவைப் பிறாண்டவில்லை. மாத்திரையும் பாயும் இருட்டறையும் சேர்ந்த விளைவு அது. எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. நான் அவன் அருகே தரையில் படுத்திருந்ததும் அந்தக் கணக்கில் சேரும்.

இன்று காலை தெரு அடங்கியபின் புதிய வேர் ஒன்றைத் தட்டித் திண்ணையில் வைத்தேன். அரை மணி நேரம் கழித்துக் கருவாச்சி பெட்டியை விட்டு வெளியே வந்தாள். புரளவில்லை. மோவாயை ஒரு முறை தேய்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த சோற்றைத் தின்றாள்.

2024 நவம்பர் 17

திருநகர் அம்மா நல்ல செய்தி எழுதியிருக்கிறார்: பூனை இந்த முறையும் பரணுக்குத்தான் போனது, ஆனால் அங்கே வைத்த தட்டில் இரவே சாப்பிட்டது. நாயை மருத்துவரிடம் காட்டியிருக்கிறார்.

கூடவே, நாய் அருகம்புல்லைத் தின்று கக்குகிறதே, அதுவும் பயத்தினாலா என்றும் கேட்டிருக்கிறார். வயிற்றுக் கோளாறு வந்த நாய் தானே மருந்து தேடித் தின்கிறது என்றுதான் நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஆனால் அமெரிக்காவின் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்தார் நாய் வளர்ப்பவர்களிடம் விரிவாகக் கேட்டபோது, புல் தின்பதற்கு முன் நோயுற்றிருந்தவை பத்தில் ஒன்றுக்கும் குறைவு; தின்றபின் வழக்கமாகக் கக்குபவை ஏறத்தாழ நான்கில் ஒன்று. பூனைகளிடமும் இதை ஒட்டிய முடிவே கிடைத்தது. குடலில் உள்ள புழுக்களை வெளியே தள்ளக் காட்டு மூதாதைகளுக்கு உதவிய பழக்கம் தொடர்கிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். ஆகவே ஒரு தொட்டியில் அருகம்புல்லை மருந்தடிக்காமல் வளர்த்துவிடுங்கள்; வீட்டுக்குள் இருக்கும் பூனைக்கு அதைவிட எளிய பொழுதுபோக்கு இல்லை. அதே வரிசையில் அரளித் தொட்டியும் செங்காந்தள் கொடியும் இருந்தால் அவற்றை முதலில் அப்புறப்படுத்துங்கள்.

2025 மே 13

நேற்று அழகர் ஆற்றில் இறங்கினார். எங்கள் பகுதி அழகர் இறங்கும் இடத்துக்கு மேற்கே தள்ளி இருந்தாலும், ஊர்க் கோயில் ஒலிபெருக்கியும் இடையிடையே அதிர்வேட்டும் இருந்தன. ஏழு மாதமாகப் பாயில் நெத்திலி தேடிப் பழகிய செவலை, இரண்டாவது வேட்டுச் சத்தத்துக்கு யாரும் சொல்லாமல் எழுந்து உள்ளறைக்குப் போய்ப் பாயில் படுத்துக்கொண்டான். மூச்சிரைத்தது, மாத்திரை கொடுக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் உறங்கிவிட்டான்.

குப்பைமேனி கோடையில் காய்ந்துவிடும் என்பதால், தை மாதமே கொஞ்சம் வேரை நிழலில் உலர்த்தி வைத்திருந்தேன். உலர்ந்த வேரைக் கருவாச்சி முகர்கிறாள், இரண்டு நிமிடம் தேய்க்கிறாள், விட்டுவிடுகிறாள். பச்சை வேருக்கு உள்ள வேகம் இல்லை. வேரை எடுத்தால் செடி போய்விடும் என்பதால் விதை தூவித் தொட்டியில் வளர்க்கிறேன். இப்போது ஆறு செடிகள் நிற்கின்றன, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுகிறேன். நாகமலைப் பக்கம் யாருக்காவது விதை வேண்டுமானால், ஆடி பிறந்தபின் கேளுங்கள்.